பதினைந்து வயது ஆல்டோ: மீட்டரை விடுங்கள், தரையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் காரைத் தெருவில் எடுக்கவே கூடாது என்று ஒரு பேச்சு ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. இதை நம்பி, இன்னும் ஏழெட்டு வருடம் தாங்கக்கூடிய மாருதி ஆல்டோவையும் 800-ஐயும் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், தரை ஓட்டையான வண்டியைப் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, "சிங்கிள் ஓனர், நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது" என்று விற்றுவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் ஏமாறுவது கையில் காசு குறைவாக உள்ள குடும்பங்கள்தான். பழைய சிறிய காரை வைத்திருப்போருக்கும் வாங்க நினைப்போருக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். பெட்ரோலுக்கு 15, டீசலுக்கு 10 என்ற வயது வரம்பு டெல்லிக்கும் அதைச் சுற்றிய தலைநகர்ப் பகுதிக்கும் வந்தது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றை, புதுப்பிக்க வேண்டும்; அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. படிவம் 25, நடப்பு இன்ஷூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றுடன் வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆய்வாளர் முன் நிறுத்த வேண்டும். ஆர்.சி. காலாவதியாகும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். காருக்கான மத்தியக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாய் ஆனது. தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும். இது போக மாநிலப் பசுமை வரி தனி. வெறும் 600 ரூபாயாக இருந்த கட்டணம் இவ்வளவு ஏறியது அநியாயம் என்றே சொல்வேன். ஆனாலும் கட்டணம் ஏறியதும் தடை வந்ததும் ஒன்றாகிவிடாது.

இனி வண்டி. ஆல்டோ 2000-ல் வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. இன்ஜின், எடை முக்கால் டன்னுக்குள். 2005 முதல் 2010 வரை விற்ற வண்டிகள்தான் இப்போது வரிசையாக ஆர்.சி. புதுப்பிப்புக்கு வந்து நிற்கின்றன. இந்த இன்ஜின் சுலபத்தில் சாகாது. எண்ணெயும் தண்ணீரும் ஒழுங்காக இருந்தால் இரண்டு லட்சம் கிலோமீட்டர் என்பது பெரிய விஷயமே இல்லை. சாவது உடம்புதான். எனவே செகண்ட் ஹேண்டில் பார்க்கப் போகிறவர் மீட்டரைக் கடைசியில் பார்க்கட்டும். மீட்டரைத் திருப்புவது அரை மணி நேர வேலை. அழுகிய தரையை மறைக்க அதைவிட அதிகம் மெனக்கெட வேண்டும்.

துரு எங்கே பிடிக்கும் என்பது இந்த வண்டியில் ஏறக்குறைய நிச்சயம். ஓட்டுநர் காலடித் தரை, அதற்கு நேர் எதிரே பயணி காலடித் தரை, நான்கு கதவுகளின் அடி விளிம்பு, முன் சக்கர வளைவு, ஜாக்கி வைக்கும் பக்கவாட்டு விளிம்பு, ஸ்டெப்னி கிடக்கும் குழி. இதற்கு மழையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்குவதுதான் காரணம். கதவின் அடியில் தண்ணீர் வடிய வைத்திருக்கும் சிறு துளைகளில் மண் அடைத்துக்கொள்ளும். வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் வேப்பிலையும் புளிய இலையும் சேர்ந்து மக்கி, தண்ணீர் உள்பக்கம் இறங்கும். ஏ.சி. தண்ணீர் வெளியேறும் ரப்பர்க் குழாய் அடைத்துக்கொண்டால் பயணி பக்கத்து கார்ப்பெட் ஈரமாகும். "கூலிங் நல்லாத்தானே இருக்கு" என்று ஓனர் விட்டுவிடுவார். அந்த ஈரம் கார்ப்பெட்டின் அடிப்பஞ்சில் மாதக்கணக்கில் நிற்கும். மேலே ரப்பர் மேட் வேறு போட்டிருந்தால் காயவே காயாது. இரண்டு மழைக்காலம் போதும், தகடு பொத்தலாகிவிடும்.

சோதிப்பது எளிது. மேட்டை எடுத்து, கார்ப்பெட்டை ஓரத்தில் தூக்கி, அடிப்பஞ்சைக் கையால் அழுத்துங்கள். பிறகு ஸ்க்ரூ டிரைவரின் பிடிப்பக்கத்தால் தரையைத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று சத்தம் கொடுக்கும். அழுகியது சொத்தென்று ஒலிக்கும், சில இடத்தில் துகள் உதிரும். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி கதவின் அடிப்பாகத்திலும் சக்கர வளைவிலும் நகர்த்துங்கள். ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் இருப்பது தகடு இல்லை, பட்டி. கடைசியாக, ஜாக்கியை அதற்குரிய இடத்தில் வைத்து ஒரு பக்கம் தூக்கச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

உள்ளங்கை அளவு ஓட்டையை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, துரு தடுக்கும் ப்ரைமர் அடித்து மூடலாம். அது வாழ்நாளைக் கூட்டும் வேலை. துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே கறுப்பு அண்டர்கோட்டிங் அடிப்பது வெறும் கண்துடைப்பு. உள்ளே மாட்டிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் அரிப்பு இன்னும் வேகமாகும். வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஈ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) இணைப்பையும் பிரிக்கச் சொல்லுங்கள். பல பட்டறைகளில் இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இரண்டு நாள் தேடுவார்கள். சேஸ் நம்பர் இன்ஜின் அறையின் பின்சுவரில் பதித்திருக்கும். அதில் துரு ஏறி எழுத்து தெரியாமல் போனால் ஆர்.சி. புதுப்பிக்கும்போது பென்சில் பிரிண்ட் (எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பதிவு) எடுக்க முடியாது. எனவே அந்த இடத்தைத் துடைத்து லேசாக கிரீஸ் தடவி வைப்பது நல்லது. சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர் வண்டிகளை இந்த விஷயத்தில் இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

சென்னை பதிவெண் என்றால் வெள்ளத்தையும் யோசிக்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு வெளி மாவட்டங்களுக்குப் போயின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுருளின் உள்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். சீட் நகரும் தண்டவாளத்தின் திருகுகளில் துருவும் டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஒயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பும் படிந்திருந்தால் அந்த வண்டி வேண்டாம். இன்று ஓடும், அடுத்த வருடம் ஒவ்வொரு ஒயராகத் தகராறு செய்யும்.

துருவுக்கு அடுத்தது இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்ச் சுற்று. ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) பழுதாகிப் பட்டறைக்கு வரும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் கதை ஒன்றுதான்: கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீர். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். சூடாகும்போது அது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் சிலிண்டர் ஹெட்டிலும் சுண்ணாம்பாகப் படியும். ஹெட் அலுமினியம், உப்புத் தண்ணீர் அதைப் பொடிப் பொடியாக அரிக்கும். இன்ஜினின் பின்பக்கம் ஓடும் இரும்புத் தண்ணீர்க் குழாய் உள்ளிருந்தே துருவேறி ஒருநாள் ஒழுகத் தொடங்கும். அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால், "எங்கேயோ தண்ணி குறையுது" என்று ஓனர் தினமும் ஊற்றிக்கொண்டே இருப்பார். மறுபடியும் போர் தண்ணீர்தான்.

இன்னொன்று நம் மெக்கானிக்குகளின் பழைய பழக்கம். வண்டி சூடானால் முதல் வேலையாகத் தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வை) கழற்றி எறிந்துவிடுவார்கள். கார்புரேட்டர் காலத்தில் இதன் பாதிப்பு பெரிதாகத் தெரியவில்லை. இன்ஜெக்டர் மூலம் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கணக்கு வேறு. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வர அதிக நேரமாகும். வெப்ப சென்சார் "இன்ஜின் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது" என்று சொல்ல, ஈ.சி.எம். பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், பிளக் கறுக்கும், எரியாத பெட்ரோல் எண்ணெயில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும், புகைப் பரிசோதனையிலும் சிக்கும். பி.எஸ்.2, பி.எஸ்.3 என்ற பழைய மாசு விதிகளின்படி வந்த பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் (ஆக்சிலேட்டரை அழுத்தாமல் இன்ஜின் மெதுவாக ஓடும் நிலையில்) கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சூடாவதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் அடைத்த ரேடியேட்டர், வலுவிழந்த ரேடியேட்டர் மூடி, சுற்றாத ஃபேன் ஆகிய மூன்றில் ஒன்றுதான்.

ஃபேனைச் சோதிக்க ஏ.சி.யை அணைத்துவிட்டு இன்ஜினை ஐடிலில் விடுங்கள். கால் மணி, இருபது நிமிடத்தில் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கி, சற்று நேரத்தில் தானாக நிற்க வேண்டும். ஏ.சி. போட்டிருந்தால் ஃபேன் வேறு வழியாக மின்சாரம் பெற்றுச் சுற்றலாம் என்பதால் அந்தச் சோதனை செல்லாது. சுற்றாவிட்டால் ஃபேன் மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் ரிலே, ஃபியூஸ், ஒயர் இணைப்பு என்று வரிசையாகப் பாருங்கள். கூலன்ட் மாற்றும்போது, காலி செய்து சுத்தமான தண்ணீரால் ஒருமுறை அலசி, கூலன்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் டப்பாவில் சொன்ன விகிதத்தில் கலந்து ஊற்ற வேண்டும். ஹீட்டர் திருகை சூட்டுப் பக்கம் முழுவதும் திருப்பி, மூடியைத் திறந்தே வைத்து இன்ஜினை ஓடவிட்டால் உள்ளே சிக்கிய காற்று குமிழியாக வெளியேறும். மட்டம் இறங்க இறங்க நிரப்பி, பிறகு மூடுங்கள். காற்று வெளியேறாமல் மூடினால், புதுக் கூலன்ட் ஊற்றிய மறுநாளே வண்டி சூடாகும்; பழி கூலன்ட் மேல் விழும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

இந்த இன்ஜினில் வெளிப்புற பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சேர்த்துச் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரியும். "சார்ஜ் ஏறலை, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டினால் வீடு போய்ச் சேர்வதற்குள் ஹெட் வளைந்திருக்கும். பேட்டரி விளக்கு எரிந்தால் உடனே ஓரம் கட்டி பானெட்டைத் திறக்க வேண்டும் என்பதை வீட்டில் வண்டி எடுக்கும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். அறுவதற்கு முன் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கீச்சென்று கத்தும், அப்போதே மாற்றிவிடலாம்.

இன்ஜின் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்க உள்ளே இருக்கும் டைமிங் பெல்ட் வேறு. அதற்கு 1,00,000 கிலோமீட்டர் கணக்கு. குறைவாக ஓடும் வண்டியில் ரப்பர் வயதாலேயே வெடிப்பு விடும் என்பதால் ஏழெட்டு வருடத்தில் மாற்றிவிடுவது நல்லது. பழைய வண்டி வாங்குபவர், மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றுங்கள்; அந்தப் பக்கத்து ஆயில் சீல் கசிந்தால் அதையும் அப்போதே முடித்துவிடுங்கள். மறுபடி பிரிக்கும் கூலி மிச்சம்.

இன்ஜின் எண்ணெய் ஃபில்டரோடு சேர்த்து ஏறக்குறைய 2.7 லிட்டர்தான் பிடிக்கும். மூன்று லிட்டர் டப்பா வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும். அதையும் சேர்த்து ஊற்றிவிடும் பழக்கம் உண்டு, கூடாது. எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டிய எண்ணெய் சீல்களை நெருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல்; செலவு குறைவு. மேட்டில் ஏறும்போதும் ஆக்சிலேட்டரை அழுத்தும்போதும் புகை தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங். எண்ணெய் ஊற்றும் மூடிக்கு அடியில் பால் கலந்த காபி நிறத்தில் குழம்பு ஒட்டியிருந்தால் தண்ணீர் எண்ணெயில் கலக்கிறது என்று பொருள். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் லேசாக இப்படிப் படிவதும் உண்டு. எனவே டிப்ஸ்டிக்கிலும் அதே குழம்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஹெட்டை இறக்க ஒப்புக்கொள்ளுங்கள்.

பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பது பற்றிப் பலரும் கேட்கிறார்கள். எத்தனாலின் வெப்ப ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இந்தக் கலவைக்கென வடிவமைக்காத கார்களில் மைலேஜ் ஆறு சதவீதம் வரை குறையலாம் என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. லிட்டருக்கு 17 கிடைத்த இடத்தில் 16 கிடைத்தால் வண்டியில் கோளாறு இல்லை. 13-க்கு இறங்கினால் எத்தனாலைக் குறை சொல்லாமல் வேறு காரணம் தேடுங்கள். கவனிக்க வேண்டியது ரப்பர். பழைய பெட்ரோல் ஹோஸ் உப்பி மிருதுவாகும் அல்லது வெடிப்பு விடும். இன்ஜெக்டரின் ஓ-ரிங் கசியும். பானெட் பக்கம் பெட்ரோல் வாசனை வந்தாலே நிறுத்துங்கள், தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. பதினைந்து வருடம் தாண்டிய வண்டியில் எல்லா ஹோஸ்களையும் கிளிப்போடு ஒரே தடவையில் மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை. டேங்கின் அடியில் படிந்த அழுக்கையும் எத்தனால் கரைத்துக் கிளப்பும் என்பதால் ஃபில்டரை ஒருமுறை முன்கூட்டியே மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள் டேங்கைக் கால்வாசியில் விடாமல் நிரப்பி வைத்தால் உள்ளே ஈரக் காற்றுக்கு இடம் குறையும். கார்புரேட்டர் 800 வைத்திருப்பவர்களுக்குத்தான் தொல்லை அதிகம். ஆக்சிஜன் சென்சார் இல்லாததால் கலவை தானாகச் சரியாகாது. பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையான ஜெட்டையும் ஐடில் திருகையும் கையால் ஒழுங்குபடுத்த வேண்டும்.

முன்பக்கம் "டக் டக்" சத்தம் வந்தால் உடனே ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்வார்கள். ஆல்டோவிலும் 800-லும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மை முன்பின்னாக நகராமல் பிடித்திருப்பதே ஸ்டெபிலைசர் கம்பிதான். அதன் புஷ் தேய்ந்தால் சத்தமும் வரும், அலைன்மென்டும் நிற்காது. விலை மிகக் குறைந்த ரப்பர் அது, முதலில் அதை மாற்றிப் பாருங்கள். கிளட்ச் பெடல் கனமானால் பெரும்பாலும் கேபிள் துருவேறியிருக்கும். பிளேட் தேய்ந்ததற்கு அடையாளம், நான்காம் கியரில் அழுத்தும்போது சத்தம் ஏறி வேகம் ஏறாதது. பின் பிரேக் டிரம்மை வருடம் ஒருமுறையாவது கழற்றி, வீல் சிலிண்டர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

டயர் 145/80 ஆர்12. பட்டன் (டயரின் மேல்வரிகள்) தேயாமலே ரப்பர் கெட்டுப்போவதுதான் குறைவாக ஓடும் வண்டிகளின் சாபம். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. ஆறு வருடம் தாண்டினால் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தே நெடுஞ்சாலைக்கு எடுக்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வண்டிகள் மோதலைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. பிற்காலத்தில் வந்த ஆல்டோ 800 மாடலுக்கே, கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்-கேப் அமைப்பின் 2014 சோதனையில் பூஜ்யம் நட்சத்திரம்தான் கிடைத்தது. பழைய ஆல்டோக்களில் பெரும்பாலானவற்றில் ஏர்பேக்கும், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.சும் இல்லை. ஊருக்குள் கடை, பள்ளி, மருத்துவமனை என்று போய்வர இவற்றைப் போல் சௌகரியமான வண்டி இல்லை. நான்கு வழிச்சாலையில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு இரவில் 100-ல் பறப்பதற்கு இவை ஆகாது. வேலை தினமும் நெடுஞ்சாலையில்தான் என்றால், வண்டி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

இன்ஷூரன்ஸில் 1,000 சி.சி.க்குக் கீழ் என்பதால் மூன்றாம் தரப்புப் பிரீமியம் 2022 முதல் 2,094 ரூபாய், வரி தனி. வண்டியின் மதிப்பு மிகக் குறைந்த பிறகு சொந்தச் சேதத்துக்கும் பிரீமியம் கட்டுவதில் பெரிதாக லாபமில்லை. ஆனால் வெள்ளம் வரும் பகுதியில் இருப்போர் யோசித்து முடிவெடுக்கட்டும். வாங்கும்போது ஆர்.சி.யில் பழைய கடன் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா, எல்.பி.ஜி. கிட் பொருத்தியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். கிட் ஏறாத வண்டி ஆர்.சி. புதுப்பிக்கப் போகும் நாளில்தான் மாட்டும்.

அரசுக்கு இரண்டு கோரிக்கை. ஆர்.சி. புதுப்பிப்பில் ஆய்வாளர் எதையெல்லாம் பார்ப்பார் என்ற பட்டியலை ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலக வாசலிலும் தமிழில் ஒட்ட வேண்டும். பிரேக், விளக்கு, துரு, டயர் எனத் தெளிவாக எழுதிவிட்டால் இடைத்தரகருக்கு வேலையில்லை. பெட்ரோல் பங்குகளில் எத்தனால் எத்தனை சதவீதம் என்பதை ஒவ்வொரு பம்பிலும் கண்ணுக்குத் தெரியும்படி எழுத வேண்டும். பழைய வண்டிகளுக்கென 10 சதவீதக் கலவையை ஊருக்கு ஒரு பங்கிலாவது தனியாக விற்க வேண்டும்.

இப்படிக்கு,
பழைய கார் பழுதுபார்க்கும் வாசகர்,
ஈரோடு.